கேம்ஸ்டாப்: இரண்டு முறை பூட்டிக்கொண்ட ஒருவரின் விமர்சனம்

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நான்கு. அந்த ஒன்று ஏன் குறைந்தது என்பதுதான் கீழே பாதிக்கு மேல் வரப்போகிறது. அதைப் படித்துவிட்டு "அப்போ இது வேஸ்ட்டா" என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். இப்போதே பணம் போய்க்கொண்டிருக்கிறது, நிறுத்த முடியவில்லை என்றால் இதை மூடிவிட்டு முதலில் கேம்ஸ்டாப்பில் பதிவு செய்யுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

தெரியாதவர்களுக்கு: கேம்ஸ்டாப் என்பது பிரிட்டனில் இருப்பவர்கள் ஆன்லைன் சூதாட்டத்திலிருந்து தங்களைத் தாங்களே விலக்கிக்கொள்ளும் சேவை. இலவசம். 2018-ல் தொடங்கியது. ஆரம்பத்தில் எல்லா நிறுவனங்களும் சேரவில்லை. 2020 மார்ச் 31-லிருந்து, கேம்ப்ளிங் கமிஷனின் (சூதாட்டத்துக்கு உரிமம் கொடுத்துக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) உரிமத்தோடு ஆன்லைனில் பெட்டிங், கேசினோ நடத்துகிறவர்கள் இதில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று விதி வந்தது. ஒரு படிவத்தை நிரப்பினால் அத்தனை கடைகளிலும் நமக்கு மட்டும் ஷட்டர் இறங்கிவிடும், அவ்வளவுதான் விஷயம்.

நான் இதில் வந்து சேர்ந்த கதை பெரிய கதை இல்லை. ஐ.பி.எல். ஆட்டம் இந்த ஊர் நேரப்படி மதியம் 3 மணிக்குத் தொடங்கும், அதாவது நல்ல வேலை நேரத்தில். மேசையில் லேப்டாப், மடியில் போன். ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒரே ஒரு பந்தயம் என்று ஆரம்பித்தது, அடுத்த ஓவரில் எத்தனை ரன், அடுத்த விக்கெட் கேட்ச்சா போல்டா என்று பந்துக்குப் பந்து பணம் வைப்பதில் வந்து நின்றது. சீசன் முடிந்தும் கை சும்மா இருக்கவில்லை. கால்பந்து, அதுவும் இல்லாத இரவுகளில் ஸ்லாட், அதாவது பொத்தானை அழுத்தினால் படங்கள் சுழன்று நிற்கும் அதிர்ஷ்ட ஆட்டம். கிரிக்கெட் தெரியும் என்ற திமிரில்தான் உள்ளே போனேன், ஸ்லாட்டில் தெரிந்துவைத்திருக்க என்ன இருக்கிறது? அக்டோபரில் ஒரு நாள் வங்கிக் கணக்கை வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தபோது 4,300 பவுண்ட் போயிருந்தது. கணக்குகள் ஏழு தளங்களில்.

இந்த ஏழு என்ற எண்தான் முக்கியம். ஏனென்றால் ஒவ்வொரு தளமும் டெபாசிட் வரம்பு, நேர நினைவூட்டல், சில நாள் இடைவேளை என்று வசதிகள் வைத்திருக்கிறது, உரிமம் இருந்தால் வைத்திருக்கத்தான் வேண்டும். அவை மோசமான வசதிகள் என்று சொல்ல மாட்டேன். வரம்பைக் குறைத்தால் உடனே நடக்கும், கூட்டச் சொன்னால் 24 மணி நேரம் காத்திருந்து மறுபடி உறுதி செய்ய வேண்டும், யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். 2025 அக்டோபர் 31-லிருந்து முதல் டெபாசிட்டுக்கு முன்பே வரம்பு வைக்கிறீர்களா என்று கேட்டாக வேண்டும் என்றும் ஆகிவிட்டது. ஆனால் அந்த வரம்பு அந்த நிறுவனத்தோடு முடிந்துபோகிறது. ஒரு தளத்தில் வாரத்துக்கு 20 பவுண்ட் என்று வைத்துவிட்டு, அது தீர்ந்ததும் பக்கத்துத் தளத்துக்குப் போய் இன்னொரு 20 போட்டேன். ஏழு 20 எவ்வளவு என்று அன்றைக்கு நான் கணக்குப் போடவில்லை, போட விரும்பவும் இல்லை. ஒரே இடத்தில் விளையாடுகிறவர்களுக்கு வரம்பு போதும். என்னைப் போல கடை கடையாக ஏறி இறங்குகிறவர்களுக்கு எல்லாவற்றையும் ஒன்றாகச் சாத்தும் ஏதாவது வேண்டும், அது கேம்ஸ்டாப்தான்.

பதிவு செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல், மொபைல் எண், போஸ்ட்கோடு, அடையாளச் சரிபார்ப்பு. பிறகு 6 மாதமா, 1 வருடமா, 5 வருடமா என்று கேட்கும். நடுவில் மனம் மாறினாலும் தேர்ந்தெடுத்த காலம் முடியும் வரை ரத்து செய்ய முடியாது. பதிவு முழுமையாகச் செயல்பட 24 மணி நேரம் வரை ஆகலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். அந்த ஒரு நாள் இருக்கிறதே, அதைப் பற்றி யாராவது முன்பே எச்சரித்திருக்கலாம். நாளைக்கு எல்லாம் மூடப்போகிறது என்று தெரிந்ததும், கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு ஓடுவது மாதிரி ஓடினேன். 90 பவுண்ட் அதில் போனது. ஆகவே பதிவு செய்த கையோடு போனை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

இப்போது அந்தக் குறைந்த மதிப்பெண்ணுக்கு வருகிறேன், இதைத் தமிழ்ப் பெயர் வைத்திருப்பவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். நாம் கொடுக்கும் விவரங்களை நிறுவனங்களிடம் இருக்கும் கணக்கு விவரங்களோடு பொருத்திப் பார்ப்பதுதான் கேம்ஸ்டாப் வேலை செய்யும் விதம். விவரம் ஒத்துப்போனால்தான் பூட்டு விழும். நம் பெயர் கதை தெரியும்தானே. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும், ஒரு தளத்தில் இரண்டையும் முன்பின்னாக மாற்றிப் போட்டிருப்போம், இன்னொன்றில் அப்பா பெயருக்குப் பதில் வெறும் இனிஷியல், ஆங்கில எழுத்துக்கூட்டல் ஓர் இடத்தில் ஒரு மாதிரி, மற்ற இடத்தில் வேறு மாதிரி. போதாததற்கு நான் அந்த ஏழு கணக்குகளையும் இரண்டு மின்னஞ்சல்களில், வீடு மாறுவதற்கு முன்னும் பின்னுமாகத் திறந்திருந்தேன். என்ன ஆயிற்று என்றால் ஆறு தளங்கள் மூடிக்கொண்டன, ஏழாவது (பெயர் வேண்டாம்) மூன்றாம் நாளும் உள்ளே விட்டது. பெயர் தலைகீழாக, பழைய மின்னஞ்சலில், பழைய முகவரியில் இருந்த கணக்கு அது. கேம்ஸ்டாப் பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பழைய மின்னஞ்சல், பழைய முகவரி எல்லாவற்றையும் சேர்த்த பிறகுதான் அதுவும் சாத்தியது. விவரங்களைச் சரியாக, புதுப்பித்து வையுங்கள் என்று அவர்கள் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள், நான்தான் அவசரத்தில் படிக்கவில்லை. அதே தளம் இரண்டு வாரத்துக்கு "உங்களுக்காக 50 ஃப்ரீ ஸ்பின்" என்று எஸ்.எம்.எஸ். அனுப்பிக்கொண்டிருந்தது தனி எரிச்சல். விலகல் பதிவான இரண்டு நாளுக்குள் விளம்பரப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனைகளில் இருக்கிறது.

ஸ்வீடனில் 2019 ஜனவரி 1-லிருந்து ஸ்பெல்பவுஸ் என்று இதே மாதிரி ஒன்று இருக்கிறது. அங்கே எல்லோருக்கும் தனிநபர் அடையாள எண் உண்டு, விலகல் பதிவு அந்த எண்ணோடு ஒட்டிக்கொள்வதால் இந்தப் பெயர் கூத்துக்கே இடமில்லை. ஆன்லைனுக்கும், 2025-ல் மூடும் வரை அங்கே இருந்த அரசு நேரடிக் கேசினோவுக்கும் அதே பதிவுதான். பிரிட்டனில் அப்படி இல்லை. கேம்ஸ்டாப் ஆன்லைனுக்கு மட்டும், தெருவில் இருக்கும் பெட்டிங் ஷாப்புகளுக்கு மோசஸ் என்று தனித் திட்டம், கேசினோக்களுக்கு சென்ஸ் என்று இன்னொன்று. நிறுத்த நினைக்கிற ஆள் இத்தனை கவுன்டரில் போய் நிற்க வேண்டும், ஆரம்பிக்க நினைக்கிற ஆளுக்கு ஒரு ஆப் போதும்.

அப்புறம் கால அளவு. நான் அக்டோபரில் 6 மாதம் போட்டேன். அது எந்த மாதத்தில் முடியும் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஏப்ரல், ஐ.பி.எல். நடந்துகொண்டிருக்கும் மாதம். காலம் முடிந்த அன்றே தானாகத் திறந்துவிடுவதில்லை, நாமே கேட்டு நீக்கச் சொல்ல வேண்டும், கேட்ட பிறகும் 24 மணி நேரம் யோசிக்க அவகாசம் தருகிறார்கள். நானும் 24 மணி நேரம் யோசித்தேன், முழுக்க முழுக்க எந்த அணி ஜெயிக்கும் என்று. மே மாத முடிவில் இன்னொரு 1,100 பவுண்ட் போனபிறகு 5 வருடத்தை அழுத்தினேன். ஆறு மாதம் யாருக்குப் பொருந்தும் என்று எனக்குப் புரியவில்லை. ஆஸ்திரேலியாவில் 2023 ஆகஸ்டில் வந்த பெட்ஸ்டாப்பில் 3 மாதத்திலிருந்து ஆயுள் முழுக்க வரை போட்டுக்கொள்ளலாம். ஆயுள் முழுக்க என்ற ஒரு பொத்தான் இங்கேயும் வேண்டும்.

பூட்டைவிட முக்கியமான இன்னொன்றுக்கு வருகிறேன். இந்தப் பூட்டு உரிமம் உள்ள கதவில் மட்டும்தான் மாட்டும். 2014 நவம்பர் 1-லிருந்து, நிறுவனம் ஜிப்ரால்டரில் இருந்தாலும் மால்டாவில் இருந்தாலும், இங்கே இருக்கும் வாடிக்கையாளருக்கு ஆன்லைன் சூதாட்டம் நடத்த பிரிட்டன் கேம்ப்ளிங் கமிஷனின் உரிமம் வேண்டும். உரிமம் இருந்தால் தளத்தின் அடியில் கமிஷன் கொடுத்த கணக்கு எண்ணைப் போட்டிருப்பார்கள், அதைக் கமிஷனின் பொதுப் பதிவேட்டில் போட்டுப் பார்த்தால் நிறுவனத்தின் பெயர், இணைய முகவரிகள், அவர்கள் மேல் எடுத்த நடவடிக்கைகள்கூடத் தெரியும். லோகோவை மட்டும் நம்பாதீர்கள், படத்தைக் காப்பி அடிக்க எவ்வளவு நேரமாகும்?

உரிமம் இருந்தால் யோக்கியம் என்று நினைத்துவிட வேண்டாம். 2023 மார்ச்சில் வில்லியம் ஹில் என்ற பெரிய பெட்டிங் குழுமத்தின் நிறுவனங்கள் 1.92 கோடி பவுண்ட் கட்ட வேண்டிவந்தது. புதிதாகக் கணக்குத் திறந்த ஒருவரை எந்தச் சோதனையும் இல்லாமல் 20 நிமிடத்தில் 23,000 பவுண்ட் செலவழிக்க விட்டிருந்தார்கள் என்பது கமிஷன் வெளியிட்ட விவரங்களில் ஒன்று. அதே குழுமத்தின் மிஸ்டர் கிரீன் தளத்தில் தங்களை விலக்கிக்கொண்ட 331 பேரால், குழுமத்தின் இன்னொரு தளத்தில் விளையாட முடிந்தது என்பது இன்னொன்று. பெரிய பெயர்களே இப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால் உரிமம் இருந்ததால்தான் பிடித்தார்கள், அபராதம் போட்டார்கள், நமக்கும் தெரியவந்தது. நம் புகாரும் அப்படித்தான். முதலில் நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும், 8 வாரத்தில் தீரவில்லை என்றால் ஐபாஸ் போன்ற சுயேச்சையான தீர்வு அமைப்புக்குச் செலவில்லாமல் கொண்டுபோகலாம். உரிமம் இல்லாத தளத்தில் ஜெயித்த பணம் வரவில்லை என்றால் யாரிடம் போய் முறையிடுவது?

இதைச் சொல்லக் காரணம், கேம்ஸ்டாப்பில் பதிவு செய்த ஆட்களைக் குறிவைத்தே ஒரு கூட்டம் அலைகிறது. "கேம்ஸ்டாப்பில் இல்லாத கேசினோக்கள்" என்று தேடினால் பட்டியல் பட்டியலாக வந்து விழும். நம் ஆட்கள் நடுவே இது வாட்ஸ்அப்பில் "ஐடி வேணுமா" (அந்த மாதிரித் தளத்தில் நுழைய ஒரு கணக்கு) என்று வரும், எனக்கும் வந்தது, தெரிந்த ஒருவரே அனுப்பினார், உதவி செய்வதாக நினைத்து. உரிமம் இல்லாத இடத்தைக் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. கிரெடிட் கார்டு எடுத்துக்கொள்கிறதா? 2020 ஏப்ரல் 14-லிருந்து இங்கே கிரெடிட் கார்டில் சூதாடத் தடை. ஸ்லாட்டில் ஆட்டோப்ளே (நாம் அழுத்தாமலே தானாகச் சுழல்வது) இருக்கிறதா, எடுக்கச் சொன்ன பணத்தைத் திரும்ப உள்ளே இழுத்து விளையாடலாம் என்கிறதா? இரண்டும் 2021 அக்டோபரிலிருந்து கிடையாது. ஸ்லாட்டில் ஒரு சுழற்சிக்கு 5 பவுண்டுக்கு மேல் போடவிடுகிறதா? 2025 ஏப்ரல் 9-லிருந்து 5 தான் உச்சம், அந்த மே 21-லிருந்து 18 முதல் 24 வயதுக்காரர்களுக்கு 2. இதில் ஒன்று இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். கேம்ஸ்டாப் அங்கே எதுவும் செய்ய முடியாது, அதைக் குறை சொல்லியும் பயனில்லை.

அந்த ஓட்டையை அடைக்க நான் செய்தவை இரண்டு. வங்கி ஆப்பில் சூதாட்டத் தடை என்று ஒரு பொத்தான் இருக்கிறது. மான்சோ, ஸ்டார்லிங் என்ற ஆப் வங்கிகள் இரண்டும் 2018-லேயே கொண்டுவந்தன, இப்போது பெரிய வங்கிகளிலும் உண்டு. கார்டு பரிவர்த்தனைகளில் சூதாட்டத்துக்கென்று 7995 என்ற வணிகக் குறியீடு இருக்கிறது, அந்தக் குறியீட்டோடு வரும் பணத்தை வங்கி மறுத்துவிடும். வேறு குறியீட்டில் ஒளிந்து வருகிறவர்களிடம் பலிக்காது, ஆனாலும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கேம்பான் என்ற மென்பொருள், போனிலும் லேப்டாப்பிலும் போட்டால் உரிமம் உண்டோ இல்லையோ சூதாட்டத் தளங்கள் திறக்காது. கேம்கேர் என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் உதவி எண் 0808 8020 133, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். டாக்பான்ஸ்டாப் என்ற உதவித் திட்டம் வழியாகப் போனால் கேம்பானும் இலவசமாகக் கிடைக்கும். அந்த எண்ணுக்கு இரவு 2 மணிக்குக் கூப்பிட்டிருக்கிறேன். ஒன்றுமே பேசாமல் கொஞ்ச நேரம் இருந்தேன், அவர்கள் பாட்டுக்குக் காத்திருந்தார்கள்.

எத்தனை மாதம் போடலாம் என்று கேட்டால் 5 வருடம் போடுங்கள். எந்த மின்னஞ்சல்களில் கணக்குத் திறந்தீர்கள் என்று முதலில் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு உட்காருங்கள். கணக்கில் மிச்சமிருக்கும் பணத்தை நிறுவனம் திருப்பித் தர வேண்டும், அதனால் "இருக்கிற 30 பவுண்டைத் தீர்த்துவிட்டு மூடுகிறேன்" என்ற சாக்கு வேண்டாம். நடுவில் ரத்து செய்ய வழி இருக்கிறதா என்று கேட்கிறவர்களுக்கு: இல்லை. போன ஐ.பி.எல். நேரத்தில் நானும் கேட்டுப் பார்த்தேன்.