ஃபைபரா காப்பரா? ஆபீஸ் நெட்வொர்க்குக்கு செக்யூரிட்டிய மட்டும் வெச்சு பாத்தா

ரெண்டு கட்டிடத்துக்கு நடுவுல ஓடுற கேபிளையும் மாடிக்கு மாடி போற மெயின் லைனையும் மாத்தணும்னு வந்தப்போ செம்புக் கம்பி இருக்கிற கேட்6ஏ காப்பரா, கண்ணாடி இழையில லைட்டா டேட்டா போற ஃபைபரான்னு நல்லா அலசிட்டு ஃபைபர்தான் போட்டோம், திரும்ப கேட்டாலும் அதையேதான் சொல்வேன். வேகம், தூரம்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, அதுக்குள்ள போகல.

ஃபைபர் விக்கிறவங்க முதல்ல எடுத்து விடுறது, காப்பர்ல இருந்து மின்காந்த அலை கசியும், ஃபைபர்ல கசியாதுங்கிறது. உண்மைதான். ஆனா பக்கத்து ரூம்ல ஆன்டெனா வெச்சு உங்க டிராஃபிக்க படிக்க ஒருத்தன் மெனக்கெடுவானா? சாதாரண ஆபீஸுக்கு அது ஒரு காரணமே இல்ல.

காப்பர்ல நிஜமான ஆபத்து, ஆள் கை படுற இடம். 100 மீட்டருக்கு மேல போகாதுங்கிறதால நடுவுல ஒரு ஸ்விட்ச் வைக்கணும், அது வராண்டாவுலயோ படிக்கட்டுக்கு கீழயோ ஒரு பெட்டிக்குள்ள இருக்கும், பெட்டி சாவி யார்கிட்ட இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ஜிகாபிட்ல கேபிளுக்குள்ள இருக்கிற நாலு ஜோடி கம்பியிலயும் ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பேசுறதால சும்மா கம்பிய தொட்டு ஒட்டுக்கேக்கறது கஷ்டம்தான், ஆனா குறிப்பிட்ட ரெண்டு ஜோடிய முடக்கிட்டா பெரும்பாலும் லிங்க் 100 மெகாபிட்டுக்கு இறங்கிடும், அப்புறம் சுலபம். இல்லன்னா நடுவுல ஒரு குட்டி டிவைஸ சொருகிடலாம். லிங்க் சில நொடி போயிட்டு வரும், ஸ்விட்சோட லாக் பதிவுல ஒரு வரி விழும், அவ்ளோதான், அதுக்கப்புறம் எல்லாம் பழையபடி ஓடும்.

ஃபைபர ஒட்டுக்கேக்கவே முடியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. உறைய உரிச்சு இழைய லேசா வளைச்சா லைட் கொஞ்சம் வெளிய கசியும், அத பிடிக்கிற கிளிப் இருக்கு, லிங்கும் கட் ஆகாது. ஆனா கசிஞ்சது கசிஞ்சதுதான், மறுமுனைக்கு அவ்ளோ குறைச்சலாதான் போய் சேரும், ஃபைபர ஸ்விட்சோட இணைக்கிற எஸ்எஃப்பி மாட்யூல்ல டிடிஎம் (வர்ற லைட்டோட அளவ தானே அளந்து காட்டுறது) சப்போர்ட் இருந்தா அதுலயே அது தெரிஞ்சிடும். நடுவுல வெட்டி 50:50 ஸ்ப்ளிட்டர் போட்டா 3 டிபி விழும், அதாவது லைட் பாதியாயிடும்.

எங்க லிங்க் ஒண்ணுல ஆர்எக்ஸ் பவர் (வந்து சேர்ற லைட்டோட அளவு) எப்பவும் மைனஸ் 6 டிபிஎம் பக்கத்துலயே நிக்கும். ஒரு நாள் பாத்தா மைனஸ் 7.5. நெட்வொர்க் ஜம்முனு ஓடுது, ஒரு எரர் இல்ல, யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணல. போய் பாத்தா ரேக் கதவு பக்கத்துல ஸ்விட்சுக்கு போற குட்டி ஃபைபர் கேபிள, அதாவது பேட்ச் கார்ட, யாரோ கேபிள் டை போட்டு இறுக்கி கட்டியிருக்காங்க. டைய வெட்டி விட்டதும் பழைய மதிப்பு வந்துடுச்சு. காப்பர்ல எனக்கு இப்படி ஒரு எச்சரிக்கை கிடைச்சதே இல்ல.

இது தானா நடக்காது, அதையும் சொல்லிடறேன். மாட்யூல்ல ஃபேக்டரியில இருந்து வர அலாரம் எல்லை லிங்க் சாகப்போற கட்டத்துக்குதான், 1.5 டிபி குறைஞ்சா அது வாயே திறக்காது. அதுல தெரியற எண்ணே 3 டிபி வரைக்கும் முன்னபின்ன இருக்கலாம்னு ஸ்டாண்டர்டுலயே விட்டிருக்காங்க, அதனால எண்ண விட அது நகர்றதுதான் முக்கியம். போட்ட அன்னைக்கே ஒவ்வொரு போர்ட்டோட மதிப்பையும் எழுதி வெச்சு, எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிங்ககிட்ட இருந்து அளவுகள தானா கேட்டு வாங்குற முறை) வழியா இழுத்து, 1 டிபி நகர்ந்தா மெயில் வர மாதிரி பண்ணிடுங்க, மாட்யூல் மாத்தினா புதுசா எடுக்கணும். கேபிள் போடுறவங்க முடிச்சதும் ஓடிடிஆர் (இழைக்குள்ள லைட் அனுப்பி எந்த தூரத்துல எவ்ளோ இழப்புன்னு காட்டுற கருவி) டிரேஸ் ஃபைல கேட்டு வாங்கி வெச்சிக்கோங்க, நாளைக்கு எத்தனாவது மீட்டர்ல கை வெச்சிருக்காங்கன்னு ஒப்பிட்டு பாக்க அது வேணும்.

கைதேர்ந்த ஆள் அரை டிபிக்கும் குறைவா திருடினா இந்த வலையில மாட்டாம போகலாம், நான் பாத்ததெல்லாம் ஒரே வளாகத்துக்குள்ள ஓடுற லிங்க்தான், அப்படி ஒரு ஆள எதிர்கொண்டதில்ல. அதனால முக்கியமான லிங்க்ல போற டேட்டாவ என்கிரிப்ட் பண்ற மேக்செக்கும் போட்டிருக்கோம். அது காப்பர்லயும் ஓடும், அதுக்காக ஃபைபருக்கு மார்க் போட முடியாது.

காப்பர முழுசா தூக்கவும் முடியாது. கேமரா, வைஃபை ஏபி (வைஃபை குடுக்கிற பெட்டி), ஐபி போன் எல்லாம் பிஓஇ-ல, அதாவது அதே நெட்வொர்க் கேபிள் வழியா, கரண்ட் வாங்குது, மேஜை வரைக்கும் ஃபைபர் இழுத்தா ஃபைபர காப்பருக்கு மாத்துற மீடியா கன்வர்ட்டர்னு இன்னொரு பெட்டி வந்து சேரும், அதையும் காபந்து பண்ணணும். மாடிக்குள்ள காப்பரே இருக்கட்டும், 802.1எக்ஸ் (அனுமதி சரிபார்த்த பிறகே போர்ட்ட திறக்கிற முறை) போட்டு யூஸ் ஆகாத போர்ட்ட ஷட் பண்ணிடுங்க. கட்டிடத்துக்கு கட்டிடம் மட்டும் காப்பர் வேண்டவே வேண்டாம், இடி இறங்கினா ரெண்டு பக்க ஸ்விட்சும் சேந்து போறதுக்கு அதுவே வழி போட்டு குடுத்துடும்.