முதல் ஆற்றுக் கப்பல் பயணம்: டான்யூப்பா, ரைனா, டோரோவா?

ஐரோப்பாவில் ஆற்றுக் கப்பல் ஏறலாம் என்று முடிவெடுத்ததும் பலர் செய்யும் முதல் வேலை, கப்பல் கம்பெனிகளின் விளம்பரங்களை அருகருகே வைத்துப் பார்ப்பதுதான். எதில் அறை பெரிது, எதில் ஒயின் இலவசம், எதில் பால்கனி உண்டு என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொள்வார்கள். என்னைக் கேட்டால் அதெல்லாம் இரண்டாம் பட்சம். ரைனிலும் டான்யூப்பிலும் ஓடும் கப்பல்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவை: 110 அல்லது 135 மீட்டர் நீளம், 11.4 மீட்டர் அகலம். இரண்டு ஆறுகளையும் இணைக்கும் மைன்-டான்யூப் கால்வாய் 1992இல் முடிந்தது. அதில் கப்பலை ஏற்றி இறக்கும் லாக் என்ற நீர்க்கூண்டின் அகலமே 12 மீட்டர்தான். அதற்குள் நுழைய வேண்டிய கப்பலை யார் கட்டினாலும் இவ்வளவுதான் கட்ட முடியும். நள்ளிரவில் விழிப்பு வந்து திரையை விலக்கினால், கைக்கெட்டும் தூரத்தில் பாசி படிந்த கான்கிரீட் சுவர் ஈரம் சொட்டச் சொட்ட மேலேறிக்கொண்டிருக்கும். பதற வேண்டாம், கப்பல் லாக்கில் இறங்கிக்கொண்டிருக்கிறது.

ஆகவே கப்பலை விடுங்கள், ஆற்றைப் பாருங்கள். அதிலும் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள்: இந்தக் கப்பல் பகலில் ஓடுமா, இரவில் ஓடுமா?

டான்யூப்பில் முதல் பயணம் என்றால் பெரும்பாலும் ஜெர்மனியின் பாசவ் நகரிலிருந்து புடாபெஸ்ட் வரைதான். சுமார் 580 கிலோமீட்டர், ஒரு வாரம். நடுவே ஆஸ்திரியாவின் லின்ஸ், மெல்க், வியன்னா, பிறகு ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா. ஓட்டம் பெரும்பாலும் இரவில். படுக்கும்போது ஓர் ஊர், எழுந்தால் இன்னோர் ஊர். பெட்டியைக் கட்ட வேண்டாம், ரயில் பிடிக்க வேண்டாம், ஓட்டல் மாற வேண்டாம். வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. ஆனால் ஆற்றைப் பார்த்தோமா என்றால், கொஞ்சம்தான். பகலில் தவறாமல் ஓட்டிக் காட்டுவது மெல்குக்கும் கிரெம்சுக்கும் இடையிலுள்ள வாஹாவ் பள்ளத்தாக்கை. 36 கிலோமீட்டர் முழுக்கத் திராட்சைத் தோட்டங்களும் பாதாமி (ஆப்ரிகாட்) மரங்களும். ஏப்ரல் தொடக்கத்தில் போனால் பாதாமி பூத்திருக்க வாய்ப்புண்டு. டுர்ன்ஸ்டைன் என்ற சின்ன ஊருக்கு மேலே இடிந்து நிற்கும் கோட்டையில்தான் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டை 1192இல் சிறைவைத்தார்கள். சிலுவைப் போருக்குப் போய்விட்டு வீடு திரும்பும் வழியில் மாட்டிக்கொண்டவர்.

இன்னொன்றும் இருக்கிறது: இரவில் புடாபெஸ்டுக்குள் நுழைவது, அல்லது அங்கிருந்து கிளம்புவது. விளக்கு எரியும் நாடாளுமன்றக் கட்டடமும் சங்கிலிப் பாலமும் தண்ணீர்மட்டத்திலிருந்து தெரிவது வேறு எந்த வண்டியிலும் கிடைக்காத காட்சி. சில பயணத் திட்டங்களில் அதிகாலையில், எல்லோரும் தூங்கும்போது கொண்டுபோய்க் கட்டிவிடுவார்கள். பணம் கட்டுமுன் இதைக் கேட்டுவிடுங்கள். வியன்னாவைப் பொறுத்தவரை ‘நகர மையத்தில் இறங்கலாம்’ என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். கப்பல் வழக்கமாக நிற்பது ரைக்ஸ்புரூக்கெ பாலத்தருகே. அங்கிருந்து மெட்ரோவில் யூ1 பிடித்தால் சில நிமிடங்களில் புனித ஸ்டீபன் பேராலயம். தனியாகப் போக அஞ்ச வேண்டியதே இல்லை.

ரைனின் குணம் வேறு. ஆம்ஸ்டர்டாமுக்கும் சுவிட்சர்லாந்தின் பாசலுக்கும் இடையே ஓடும் இந்தப் பயணத்தின் உயிர், கோப்லென்ஸுக்கும் ரூடஸ்ஹைமுக்கும் நடுவிலுள்ள 65 கிலோமீட்டர்தான். இரு கரையிலும் மலை, மலைக்கு மலை கோட்டை, மொத்தம் நாற்பது போல. மேல்தளத்தில் ஒலிபெருக்கி ‘இடப்பக்கம் பாருங்கள், வலப்பக்கம் பாருங்கள்’ என்று சொல்லிக்கொண்டே வரும். கொஞ்ச நேரத்தில் கழுத்து வலிக்கும். இத்தனை கோட்டை எதற்கு? பாதிக்குக் காரணம் சுங்கம்தான். கவுப் ஊருக்கு எதிரே நட்டாற்றுத் தீவில் கப்பல் வடிவத்தில் ஒரு கோட்டை நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டியதே போகிற வருகிற படகுகளிடம் வரி பிடுங்கத்தான். நம் நெடுஞ்சாலை டோல்கேட்டின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து 132 மீட்டர் உயரத்துக்கு எழும் லோரலை பாறை. அதைத் தாண்டியதும் எல்லோரும் காபி குடிக்க உள்ளே போய்விடுவார்கள்.

இங்கே ஒரு சூட்சுமம். ஆற்றோட்டத்தை எதிர்த்துப் போகும் கப்பல் மெதுவாகத்தான் நகரும். அதனால் ஆம்ஸ்டர்டாமில் ஏறி பாசலில் இறங்கினால் கோட்டைப் பகுதியில் கூடுதல் நேரம் கிடைக்கும். எதிர்த்திசையில் போனால் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். வாஹாவுக்கும் இதே கணக்குதான், புடாபெஸ்டில் ஏறுவது மேல். விலைப்பட்டியலில் இரு திசையும் ஒரே பயணம் போலவே தெரியும், ஆனால் ஒன்றல்ல.

ரைனின் மற்றப் பகுதிகள் ஏற்ற இறக்கமானவை. கொலோன் பேராலயம் படித்துறையிலிருந்து நடக்கும் தூரம். 1248இல் தொடங்கி 1880இல் முடித்த 157 மீட்டர் கோபுரங்கள். நெதர்லாந்தின் கிண்டர்டைக்கில் 19 காற்றாலைகள் வரிசையாக நிற்கும். ஸ்ட்ராஸ்பூர் அழகான ஊர், ஆனால் கப்பல் நிற்குமிடத்திலிருந்து பெரும்பாலும் பஸ். பாசலிலிருந்து இஃபெட்ஸ்ஹைம் வரை பத்து லாக். கரை கட்டிய கால்வாய் மாதிரிதான், பார்க்க ஒன்றுமில்லை. ரூடஸ்ஹைமில் இரவு தங்கும் கப்பலென்றால் காதில் பஞ்சு வையுங்கள். படித்துறைக்கும் ஊருக்கும் நடுவே ரயில் பாதை, சரக்கு ரயில் இரவெல்லாம் ஓடும்.

சரி, ஆற்றில் போகிறோம் என்ற உணர்வு நாள் முழுக்க வேண்டும் என்பவர்களுக்கு? போர்ச்சுகலின் டோரோ. அங்கே பயணக் கப்பல்கள் இரவில் ஓடுவதில்லை. போர்ட்டோவிலிருந்து ஸ்பெயின் எல்லை வரை சுமார் 210 கிலோமீட்டர், அத்தனையும் பகலில். படிப்படியாக வெட்டிய மலைச்சரிவில் போர்ட் ஒயினுக்கான திராட்சை. 1756இலேயே எல்லை வகுத்த ஒயின் வட்டாரம் இது. கர்ரபட்டெலோ லாக் ஒன்றே கப்பலை 35 மீட்டர் தூக்கிவிடும். குறை என்னவென்றால், பெரிய நகரம் போர்ட்டோ மட்டும்தான். பாதி நிறுத்தங்களில் இறங்கியதும் பஸ்தான். ஜூலை, ஆகஸ்டில் உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் 40 டிகிரி சர்வசாதாரணம். வெயிலுக்குத் தப்பி ஐரோப்பா போகிறவர் அந்த மாதங்களில் அங்கே போகக் கூடாது.

பாரிஸிலிருந்து நார்மண்டி போகும் செய்ன் ஆறு, ஓவியர் மொனேயின் ஜிவெர்னி தோட்டத்துக்காகவும் இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் தரையிறங்கிய கடற்கரைகளுக்காகவும் போகிறவர்களுக்கானது. கூடுதல் லாபம், கப்பல் ஏறுமுன் பாரிஸின் லா ஷபெல் பக்கம் ஈழத்தமிழர் கடைகளில் தோசை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். பிரான்ஸின் இன்னோர் ஆறான ரோனை இரண்டாம் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். விளம்பரத்தில் இது சிறிய எழுத்தில்தான் இருக்கும். 2018இலும் 2022இலும் கவுப் பகுதியில் ரைன் வற்றிப்போய்க் கப்பல்கள் திண்டாடின. 2024 செப்டம்பரில் பெருமழை வெள்ளத்தால் டான்யூப்பில் கப்பல்கள் வியன்னாவிலேயே முடங்கின. வற்றினால் அடியில் தட்டும், பெருகினால் பாலத்தில் இடிக்கும். அப்போது பஸ்ஸில் ஏற்றி, தடைக்கு அந்தப் பக்கம் நிற்கும் வேறு கப்பலுக்கு மாற்றுவார்கள். பயண விதிமுறையிலேயே அதற்கு உரிமை எழுதி வைத்திருப்பார்கள், பணம் திரும்பாது. டான்யூப்பில் அடிக்கடி தகராறு செய்வது பவேரியாவின் ஸ்ட்ராபிங்குக்கும் ஃபில்ஸ்ஹோஃபனுக்கும் இடையே அணையில்லாத பகுதி. நூரம்பெர்க்கில் தொடங்கும் பயணம் அதைக் கடந்தாக வேண்டும், பாசவில் தொடங்குவது கடக்க வேண்டியதில்லை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பதிவு செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பால்கனிக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா? டான்யூப்பில் வேண்டாம் என்பேன். படித்துறை நெருக்கடியில் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவார்கள். காலையில் திரையைத் திறந்தால் எதிர்க்கப்பலில் ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருப்பார். ஓடும் நேரமோ இரவு, மிச்ச நேரம் மேல்தளம் இருக்கிறது. டோரோவில் மட்டும் பால்கனி காசுக்குப் பொருந்தும். சைவம் சாப்பிடுபவர்கள் பதிவின்போதே முட்டை, மீன் சேர்க்கலாமா கூடாதா என்று எழுதிக்கொடுப்பது நல்லது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு வைக்கிங் கம்பெனியின் கப்பல் கிடையாது, 18 வயதுக்குக் கீழ் ஏற்றுவதில்லை.

என் ஓட்டு, முதல் தடவைக்கு டான்யூப். மே மாதம், புடாபெஸ்டில் ஏறி பாசவில் இறங்குவது, கீழ்த்தள அறை. ரைனில் கோட்டைகள் மட்டும் போதுமென்றால் ரூடஸ்ஹைம், கோப்லென்ஸ் நடுவே பகல்நேரப் பயணப் படகுகள் ஓடுகின்றன, ஒரு டிக்கெட்டில் வேலை முடிந்தது. அதற்காக ஒரு வாரக் கப்பல் தேவையில்லை. டான்யூப்பை அப்படித் துண்டாக்கிப் பார்த்தால் நான்கு ஓட்டல், நான்கு ரயில் ஆகிவிடும்.

இந்தியக் கடவுச்சீட்டில் போகிறவர்கள் ஷெங்கன் விசாவை (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) எந்த நாட்டில் கூடுதல் இரவு தங்குகிறார்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இந்த டான்யூப் பயணத்தில் அது பெரும்பாலும் ஆஸ்திரியா. கப்பல் ஏறுமுன் புடாபெஸ்டில் மூன்று நான்கு நாள் ஓட்டல் போட்டால் கணக்கு ஹங்கேரிக்கு மாறிவிடும். புடாபெஸ்டுக்குக் கீழே பெல்கிரேடு வழியாகப் போகும் நீண்ட பயணம் என்றால், செர்பியா ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால், பலமுறை நுழையும் விசாவைக் கேட்டு வாங்க வேண்டும்.