செருப்பு நுழையாத கால்

இந்த முறை ஊரில் இருந்தது பதினெட்டு நாள். அதில் பாதி அப்பாவின் பிரஷருக்கே போயிற்று.

வந்து இறங்கிய மறுநாள் காலை, செருப்பை மாட்ட முடியாமல் வாசல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார் அப்பா. இரண்டு கணுக்காலும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, மெதுவாகத்தான் நிரம்பியது. வாராவாரம் வீடியோவில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதில் முகம்தானே தெரியும்? "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும். நீர் பிரிய மாத்திரை குடுத்திருக்காங்க" என்றார்.

வழக்கமாகப் போகும் கிளினிக்குக்கே கூட்டிப்போனேன். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்து, முழுக்கைச் சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினார்கள். சாய முதுகில்லை, கை மடியில் கிடந்தது. காற்று ஏறிக்கொண்டிருக்கும்போதே, "பையன் எத்தனை நாள் லீவுல வந்திருக்கார்?" என்று பேச்சு; அப்பாவும் உற்சாகமாகப் பதில் சொன்னார். 168/94. "ஏறிக்கிட்டேதான் இருக்கு" என்று டாக்டர் இன்னொரு மாத்திரையைச் சேர்த்து எழுதினார். மொத்தமே மூன்று நிமிடம். வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது அவரையும் முழுக்கக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்தச் சீட்டுக்கு மருந்து வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மாத்திரை டப்பாவைக் கட்டிலில் கொட்டினேன். அட்டையில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். உள்ளே என்ன மருந்து என்பது பொடி எழுத்தில். அம்மாவின் மூக்குக் கண்ணாடியைக் கடன் வாங்கிப் படித்தேன். முதல் அட்டையில் அம்லோடிபைன் 5 மில்லிகிராம். இரண்டாவது கூட்டு மாத்திரை: டெல்மிசார்டன் என்ற இன்னொரு பிரஷர் மருந்து 40, கூடவே அம்லோடிபைன் 5. இரண்டு டாக்டர்கள், இரண்டு சீட்டுகள், இரண்டு பெயர்கள், உள்ளே இருப்பதோ ஒரே மருந்து. பழையதை நிறுத்தச் சொன்னார்களா என்று கேட்டால் அப்பாவுக்கு நினைவில்லை.

அம்லோடிபைன் நல்ல மருந்துதான். சிறு தமனிகளைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கிறது. சிரைகள் அதே அளவுக்குத் தளர்வதில்லை. அதனால் நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து கணுக்காலில் தங்கிவிடும். தினம் 5 மில்லிகிராம் சாப்பிடுகிறவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கு இந்த வீக்கம் வரும். அப்பாவுக்குப் போல இரண்டு ஐந்தும் சேர்ந்து 10 ஆகிவிட்டால் ஏறக்குறைய 11 பேருக்கு. உடம்பில் நீர் கூடியதால் வருகிற வீக்கம் இல்லை என்பதால் நீர் மாத்திரைக்கு இது அவ்வளவாக அசையாது. அந்த மாத்திரை செய்ததெல்லாம் அப்பாவை ராத்திரியில் நாலு தடவை எழுப்பியதும், எழுந்தால் தலைசுற்ற வைத்ததும்தான்.

நானாக எதையும் நிறுத்தவில்லை. அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வேறொரு டாக்டரிடம் போனோம். அங்கே இருந்த சிஸ்டரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அப்பாவைப் பாத்ரூம் போய்வரச் சொன்னார். நிறைந்த மூத்திரப்பையும் பிரஷரைத் தூக்கிக் காட்டுமாம். பிறகு சட்டையின் ஒரு கையைக் கழற்றவைத்து, முதுகு சாய, பாதம் தரையில் பட, கை நெஞ்சு மட்டத்துக்கு மேசைமேல் இருக்க உட்காரவைத்தார். "ஐயா, அஞ்சு நிமிஷம் பேசாம இருங்க. தம்பி, நீங்களும்தான்." அப்பாவுக்குப் பருத்த கை. டேப்பால் சுற்றளவு பார்த்துவிட்டுப் பெரிய பட்டையை எடுத்தார். சின்னப் பட்டையை இறுக்கிக் கட்டினால் இல்லாத பிரஷரையும் சேர்த்துக் காட்டும். வலது கையில் 146/82, இடதில் 138/80. "இனிமே எப்பவும் வலது கையிலயே பாருங்க, கூடுதலா இருக்கறதுதான் கணக்கு." அப்புறம் எழுந்து நிற்கச் சொல்லி, மூன்று நிமிடத்துக்குள் இரண்டு முறை அளந்தார். மேல் எண் 118க்கு இறங்கியிருந்தது. நிற்கும்போது 20 இறங்கினாலே கவனிக்க வேண்டும். விடியற்காலைத் தலைசுற்றலுக்கு விடை கிடைத்தது. உட்கார்ந்தால் ஏறுகிறது என்று மாத்திரையைக் கூட்டுகிறோம், நின்றால் விழுந்துவிடுவார் என்பதை யாரும் பார்க்கவில்லை.

கடைசியாக, "முட்டிவலிக்கு ஏதாவது சாப்பிடறீங்களா?" என்றார். அப்பா என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். டைக்ளோஃபினாக், மெடிக்கலில் நேரே கேட்டு வாங்கி, தினம் ஒன்று. அது உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கிப் பிரஷரை ஏற்றும். டெல்மிசார்டனோடும் நீர் மாத்திரையோடும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கே வினை. டப்பாவில் இல்லாத அட்டை அது, தலையணைக்குக் கீழே இருந்திருக்கிறது.

டாக்டர் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. தனி அம்லோடிபைன், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றையும் நிறுத்தினார். சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று அறிய ரத்தத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொன்னார். ஏழு நாள் வீட்டில் அளந்து வரச் சொன்னார்: காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, நடுவில் ஒரு நிமிடம் இடைவெளி. முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி. கிளினிக்கில் 140/90 எல்லை என்றால் வீட்டில் அது 135/85. அமெரிக்காவில் 2017 முதல் 130/80 என்று வைத்திருக்கிறார்களே என்றேன். "முதல்ல ஒழுங்கா அளந்துட்டு வாங்க, எந்த எல்லைன்னு அப்புறம் பேசலாம்" என்றார். சரிதான்.

சராசரி 134/78 வந்தது. நான் கிளம்பிய அன்று அப்பாவுக்கு வலது கால் செருப்பு தானாக நுழைந்தது. இடதைக் கொஞ்சம் தள்ளவேண்டியிருந்தது. முட்டிவலிக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை.