ஜோர்டானா, லெப்ரானா: "ஆறுக்கு ஆறு" என்ற வாதத்தைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம்

கூடைப்பந்தில் எந்தக் காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரர் யார் என்று பேச ஆரம்பித்தால், ஐந்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் "ஆறுக்கு ஆறு" என்று சொல்லிக் கதையை முடிக்கப் பார்ப்பார். மைக்கேல் ஜோர்டான் ஆறு முறை என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) ஃபைனல்ஸ் போனார், ஆறிலும் ஜெயித்தார். லெப்ரான் ஜேம்ஸ் பத்து முறை போய் நாலில்தான் ஜெயித்தார். நானும் ஜோர்டான் கட்சிதான். ஆனால் எங்கள் கட்சி கையில் இருப்பதிலேயே சொத்தை வாதம் இதுதான்.

ஜோர்டான் சிகாகோ புல்ஸுக்கு வந்தது 1984இல். முதல் மூன்று வருடமும் பிளேஆஃப் (சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) முதல் சுற்றோடு வீட்டுக்கு. அப்புறம் 1988, 89, 90 என்று வரிசையாக டெட்ராய்ட் பிஸ்டன்ஸிடம் அடி. பேஸ்பால் ஆடப் போய்விட்டு 1995இல் திரும்பி வந்தபோது ஓர்லாண்டோவிடம் தோல்வி. இந்த ஏழும் ஃபைனல்ஸுக்கு முன்னாலேயே நடந்துவிட்டதால் கணக்கில் சேராதாம். 2007இல் 22 வயதுப் பையன் ஒருவன், பக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஆள் இல்லாத கிளீவ்லேண்ட் அணியை ஃபைனல்ஸ் வரை இழுத்துக்கொண்டு போய் சான் அன்டோனியோவிடம் தோற்றான் பாருங்கள், அது மட்டும் கறையாம். முதல் சுற்றிலேயே தோற்றிருந்தால் லெப்ரான் பெயர் சுத்தமாக இருந்திருக்கும் போல!

லெப்ரான் கட்சிக்காரர்கள் கையில் இதைவிட நல்ல துருப்புச்சீட்டு ஒன்று இருக்கிறது, ஏனோ அதை அதிகம் எடுப்பதில்லை. 1992-93 சீசனில் புல்ஸ் 57 ஆட்டம் ஜெயித்தது. ஜோர்டான் ஓய்வு அறிவித்துப் போன அடுத்த சீசனில் எத்தனை? 55. இந்தப் பக்கம் 2009-10இல் கிளீவ்லேண்ட் 61 ஆட்டம் ஜெயித்தது, லெப்ரான் மயாமிக்குப் போன அடுத்த சீசனில் 19, நடுவில் தொடர்ந்து 26 தோல்வி. ஒருவர் போனதும் வீடு லேசாக ஆடியது, இன்னொருவர் போனதும் கூரையே இறங்கிவிட்டது. புல்ஸில் இன்னொரு நட்சத்திர ஆட்டக்காரர் ஸ்காட்டி பிப்பனும் பயிற்சியாளர் ஃபில் ஜாக்சனும் இருந்தார்கள் என்பதுதான் இதற்கு விளக்கம், சரி, அப்படியானால் ஆறு கோப்பையிலும் அவர்களுக்குப் பங்கு எழுத வேண்டும் அல்லவா.

2016 ஃபைனல்ஸின் ஏழாவது ஆட்டத்தையும் மறக்க முடியாது, லெப்ரான் கிளீவ்லேண்டுக்கே திரும்பி வந்து கோப்பை வாங்கித் தந்த ஆட்டம். அந்த சீசனில் 73 ஆட்டம் ஜெயித்த கோல்டன் ஸ்டேட், நாலு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை என்ற ஃபைனல்ஸில் 3-1 என்று முன்னால் இருந்தது, அந்த நிலையிலிருந்து அதுவரை எந்த அணியும் மீண்டதே இல்லை. நம்மூரில் திங்கட்கிழமை காலை, ஆபீசுக்குக் கிளம்புகிற நேரம். 89-89, இரண்டு நிமிடம்கூட மிச்சமில்லை. கோல்டன் ஸ்டேட்டின் இகுவடாலா தனியாக எழும்பி லேஅப் (வளையத்துக்குப் பக்கத்தில் போய்ப் போடும் ஷாட்) போடுகிறார், கிளீவ்லேண்டின் ஜே.ஆர். ஸ்மித் குறுக்கே வந்ததால் காற்றிலேயே ஒரு கணம் தாமதிக்கிறார், அந்த ஒரு கணத்தில் பின்னாலிருந்து ஓடிவந்த லெப்ரான் பந்தைப் பலகையோடு சேர்த்து அறைகிறார். அந்தத் தொடரில் இரண்டு அணியிலும் சேர்த்து புள்ளி, ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), அசிஸ்ட் (புள்ளிக்கு வழிசெய்யும் பாஸ்), ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (ஷாட்டைத் தடுப்பது) ஐந்திலும் அவர்தான் முதலிடம்.

லெப்ரானின் உண்மையான கறை 2011. மயாமிக்காக டாலஸுக்கு எதிராக ஆடிய ஃபைனல்ஸில், நட்சத்திரங்கள் டுவைன் வேடும் கிறிஸ் பாஷும் பக்கத்தில் இருக்க, நாலாவது ஆட்டத்தில் மொத்தமே 8 புள்ளி. தோற்றதில் தப்பில்லை, பந்து கைக்கு வந்ததும் அடுத்தவருக்குத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார், அதுதான் உறுத்துகிறது. ஜோர்டான் தோற்ற ஆட்டங்களில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. 1986இல் பாஸ்டனிடம் தோற்ற ஆட்டத்தில் அவர் எடுத்தது 63.

மொத்தப் புள்ளிக் கணக்கில் போட்டியே கிடையாது. அதுவரை முதலிடத்தில் இருந்த கரீம் அப்துல்-ஜப்பாரின் 38,387ஐ லெப்ரான் 2023 பிப்ரவரியில் தாண்டினார், அடுத்த வருடமே 40,000. ஆனால் லெப்ரான் பள்ளி முடித்த கையோடு 18 வயதில் வந்தவர், ஜோர்டான் மூன்று வருடம் கல்லூரியில் ஆடிவிட்டு வந்து, நடுவில் இரண்டு முறை ஓய்வும் பெற்று, ஆடியதே 1,072 ஆட்டம்தான். ஆட்டத்துக்குச் சராசரி 30க்கு மேல். கரீம் பாவம், ஆறு எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது), ஆறு கோப்பை, வாழ்நாளில் ஒரே ஒரு மூன்று-புள்ளி ஷாட்டோடு அத்தனை புள்ளி, ஆனாலும் இந்தச் சண்டையில் அவருக்கு எப்போதும் பின் வரிசைதான்.

அந்தக் காலத்து பாஸ்டன் ஆட்டக்காரர் பில் ரஸ்ஸல் 13 சீசனில் 11 கோப்பை. கோப்பைதான் அளவுகோல் என்றால் பேச்சு அங்கேயே முடிய வேண்டும், ஆனால் ஆறுக்கு ஆறு என்பவர்கள் பதினொன்றைக் கேட்டதும் "அப்போ எட்டு ஒன்பது டீம்தானே" என்று நழுவுவார்கள். 1961-62இல் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 எடுத்தார், அந்த சீசன் முழுக்க அவர் சராசரி 50.4, ஆனாலும் எம்விபி ரஸ்ஸலுக்குப் போனது. அப்போது ஓட்டுப் போட்டவர்கள் எதிரே நின்று ஆடிய வீரர்களே. அதற்காக ரஸ்ஸலை முதலிடத்தில் வைக்கிறேனா என்றால், இல்லை. அவருடைய பிளாக்குகளை அன்றைக்கு யாரும் எண்ணி எழுதக்கூட இல்லை, எதை வைத்து ஒப்பிடுவது?

என் ஓட்டு ஜோர்டானுக்கு விழுவதற்குக் காரணம் 1987-88 சீசன்தான். அதிகப் புள்ளி எடுத்தவர், எம்விபி, சிறந்த தடுப்பாட்டக்காரர், மூன்றும் ஒரே ஆள். புள்ளிப் பட்டியலில் முதலாவது வந்தவர் அதே சீசனில் தடுப்பாட்ட விருதையும் வாங்கியது அந்த ஒரு முறைதான். இன்னொரு காரணம் 1998 ஃபைனல்ஸில் யூட்டாவில் நடந்த ஆறாவது ஆட்டம். எல்லோரும் அந்தக் கடைசி ஷாட்டைத்தான் போஸ்டராக ஒட்டுகிறார்கள். பிப்பன் முதுகுவலியால் தடுமாறிக்கொண்டிருக்க, 41 வினாடி மிச்சம் இருக்கும்போது புல்ஸ் மூன்று புள்ளி பின்னால். 35 வயது ஜோர்டான் உள்ளே புகுந்து இரண்டு எடுக்கிறார். அடுத்து யூட்டாவின் கார்ல் மலோன் பந்தை வாங்கி முதுகைக் காட்டி நிற்கிறார், அவரைக் காப்பது புல்ஸின் ராட்மேனின் வேலை, ஜோர்டானுடையது இல்லை. மலோன் கண்ணுக்குப் படாத பக்கமாக வந்து பந்தைத் தட்டிப் பறிக்கிறார். டைம்அவுட் கேட்கவில்லை, தானே பந்தைக் கொண்டுபோய், பிரையன் ரஸ்ஸலை (இவர் வேறு ரஸ்ஸல்) ஏமாற்றி, 5.2 வினாடி மிச்சம் வைத்து 87-86.

அந்த ஷாட்டில் அவருடைய இடது கை ரஸ்ஸலைத் தள்ளியதா என்பது தனி வழக்கு. எனக்கென்னவோ லேசாகத் தள்ளியதாகத்தான் தெரிகிறது. ஆனால் மலோனிடம் பறித்த அந்தப் பந்தில் யூட்டாக்காரர்கள்கூடக் குறை சொல்ல முடியாது.