கடைசிக் கண்ணாடி இறங்குமா? கொங்கு நாட்டில் 18 நாள், 3 வண்டிகள்

2025 பொங்கலை ஒட்டி மெல்பர்னிலிருந்து சிங்கப்பூர் வழியாகக் கோவையில் வந்திறங்கி, திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் இடையிலுள்ள எங்கள் ஊரில் 18 நாள் தங்கியிருந்தோம். ஊரிலேயே இருக்கும் அம்மா, அப்பாவோடு மனைவி, 11 வயது மகள், 6 வயது மகன், நான் என ஆறு பேர். எங்கே கிளம்பினாலும் ஓட்டுநருடன் சேர்த்து ஏழு இருக்கை வேண்டும். மெல்பர்னில் எட்டு ஆண்டுகளாக ஓட்டிவந்த காரை மாற்றிவிட்டு நடுத்தர எஸ்யூவி ஒன்று வாங்கும் எண்ணத்தில், விமானத்திலும் அவற்றின் நீள அகலங்களைப் படித்துக்கொண்டே வந்தவன் நான். ஊரில் மூன்று வண்டிகளில் மூன்று ஓட்டுநர்களோடு சுற்றி வந்தபின், அந்த விவரக் குறிப்புகளில் இல்லாத பலவற்றைத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் பகுதி ஓட்டுநர்களிடம் வண்டியைப் பற்றிக் கருத்துக் கேட்பதற்குத் தனி மதிப்பு உண்டு. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும், நாமக்கல் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கும், சங்ககிரி லாரித் தொழிலுக்கும் பெயர் போனவை. வீட்டுக்கு ஒருவராவது சக்கரத்தை நம்பிப் பிழைக்கும் ஊர்களில், விளம்பரத்தைப் பார்த்து வண்டியை மெச்சுகிறவர் குறைவு.

விமான நிலையத்துக்கு வந்தது எட்டு இருக்கைகள் கொண்ட இன்னோவா கிரிஸ்டா. அழைத்துப்போக அப்பாவும் வந்திருந்ததால் ஐந்து பேர், நான்கு பெரிய பெட்டிகள். ஓட்டுநர் ஒரு நிமிடம் பெட்டிகளைப் பார்த்தார். பின்வரிசையின் ஒரு பாதியை மடக்கிப் பக்கவாட்டில் தூக்கிக் கட்டிவிட்டு, பெட்டிகளைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்து அடுக்கினார். மீதிப் பாதியில் நான் உட்கார்ந்தேன். மகனுக்காக மெல்பர்னிலிருந்தே பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் தனி இருக்கை ஒன்றைத் தூக்கி வந்திருந்தோம், ஏனெனில் ஆஸ்திரேலியாவில் 7 வயதுக்குக் குறைந்த குழந்தையைத் தனி இருக்கையில்லாமல் காரில் ஏற்றுவது சட்டப்படி குற்றம். அந்தப் பழக்கத்தை ஊருக்கு வந்ததும் விட்டுவிட மனம் வரவில்லை. ஆனால் நடுவரிசையில் பெல்ட்டின் நாக்கு தொங்கியதே தவிர, அதை மாட்டும் பூட்டைக் காணவில்லை. ஓட்டுநர் சலிக்காமல் இருக்கை உறையை அவிழ்த்து, இடுக்கில் கைவிட்டுத் துழாவி, ஒரு ஹேர்பின்னையும் காய்ந்த வேப்பிலைக் கொத்தையும் வெளியே எடுத்துப் போட்டபின் பூட்டு கிடைத்தது. "இத யாருமே கேட்டதில்லீங்ண்ணா" என்றார். புது வண்டி வந்த அன்றே உறை போட்டு, பெல்ட் பூட்டை உறைக்கடியில் புதைத்துவிடுவது வாடகை வண்டிகளில் ஏறக்குறைய வழக்கமாகவே இருக்கிறது. ஊருக்குக் குழந்தைகளோடு வருகிறவர்கள் பதிவு செய்யும்போதே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

ஐம்பதைத் தாண்டிய அவர் அம்பாசிடரில் தொழில் கற்று, குவாலிஸ் ஓட்டி, 2005இல் இன்னோவா வந்ததும் அதற்கு மாறியவர். இன்னோவா எஸ்யூவி ஆகாது, அது வேறு வகை என்று நான் சொன்னபோது அவர் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய அகராதியில் இரண்டே வகைதான்: பெரிய வண்டி, சின்ன வண்டி. 2022 கடைசியில் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸைப் பற்றிக் கேட்டேன். கிரிஸ்டா ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின்மேல் கட்டிய, பின்சக்கரம் இழுக்கும் டீசல் வண்டி. ஹைகிராஸோ அப்படித் தனிச் சட்டமில்லாத ஒற்றை உடலும், முன்சக்கர இழுவையும், பெட்ரோல் எஞ்சினும் கொண்டது, அதில் ஹைபிரிட் வகையும் உண்டு. உட்கார்ந்து போகிறவர்களுக்கு அதுதான் சுகம் என்பதை அவர் மறுக்கவில்லை. அதன் தோற்றத்தைத்தான் விஜயமங்கலம் சுங்கச்சாவடி வரைக்கும் பேசிக்கொண்டு வந்தார். வேன் முகத்துக்கு எஸ்யூவி மீசை வைத்துவிட்டார்கள் என்பது அவர் தீர்ப்பு. மீசை வைத்ததால் வாங்குகிறவர் மனம் மகிழ்கிறது, ஆனால் பானட்டை உயர்த்திவிட்டதால் முன்னால் நிற்கும் சின்னப் பிள்ளை தலை தெரியாது என்றார். மெல்பர்னின் அகலமான தெருக்களிலேயே உயரமான பானட்டுகளைப் பற்றி இதே முணுமுணுப்பைக் கேட்டிருக்கிறேன். வாசலில் கோலம் போடுகிறவர்களும் கோழிகளும் இருக்கிற எங்கள் தெருவில் அந்தக் கவலைக்குக் கூடுதல் நியாயம் உண்டு.

இரண்டாவது வண்டி என் மச்சான் புதிதாக வாங்கியிருந்த ஏழு இருக்கை எஸ்யூவி. அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நான் சொல்லவிருக்கும் குறை அந்த ஒரு மாடலுக்கு மட்டும் உரியதன்று. கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோவிலுக்குப் போக ஆக்டிங் டிரைவர் ஒருவரை ஒரு நாளுக்கு அமர்த்திக்கொண்டோம். தனக்கென்று வண்டி வைத்துக்கொள்ளாமல், வீட்டுக் கார்களைக் கூலிக்கு ஓட்டிக்கொடுக்கும் ஆக்டிங் டிரைவர்களைப் போல வண்டிகளை அறிந்தவர் வேறு யாரும் இருக்க முடியாது என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை கிரெட்டா, செவ்வாய்க்கிழமை எக்ஸ்யூவி700, புதன்கிழமை பழைய டஸ்டர் என்று மாறி மாறி ஓட்டுகிறவர்கள். எந்த வண்டியையும் தாமே வாங்கியதில்லை என்பதால் எதையும் விட்டுக்கொடுக்காமல் தாங்கிப் பேச வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை.

சேந்தமங்கலம் கடந்து, காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் அவர் முன்னிருக்கையில். அப்பாவும் மனைவியும் நானும் நடுவரிசையில். குழந்தைகள் கடைசி வரிசையில். இருபதாவது வளைவுக்குள் மகன் பேச்சை நிறுத்திவிட்டான். முப்பதாவது வளைவில் ஓட்டுநர் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் எதுவும் சொல்லுமுன்பே ஓரமாக நிறுத்தினார். நடுவரிசை இருக்கையை மடக்கி அவனை வெளியே எடுப்பதற்குள், என் மடியில் இருந்த பொங்கல் கரும்புப் பை வேறொன்றுக்குப் பயன்பட்டுவிட்டது.

அதன்பின் சாலையோரத்தில் நின்றபடி அவர் காட்டிய காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. வண்டியின் பக்கவாட்டில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். ஜன்னல்களின் கீழ்விளிம்பு முன்கதவில் தாழ்வாகத் தொடங்கி, பின்கதவில் சற்று உயர்ந்து, கடைசி வரிசைக்கு வரும்போது சட்டென்று மேலேறி, கண்ணாடி ஒரு சிறு முக்கோணமாகச் சுருங்கிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் வண்டி பாயப்போவது போன்ற மிடுக்கு வருவது அந்த ஏறுகோட்டால்தான். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கோ அந்த முக்கோணம் கண்ணுக்கு மேலே இருக்கிறது; வெளியே மலையும் தெரியாது, சாலையும் தெரியாது, முன்னிருக்கையின் முதுகு மட்டும் தெரியும். கடைசி வரிசை பின் அச்சுக்கு மேலேயே இருப்பதால் ஆட்டமும் அங்கேதான் அதிகம். உடம்பு ஆடுவதை உட்காது உணர்கிறது, ஆடாத இருக்கையைக் கண் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டுகிறது. போதாக்குறைக்கு அந்தக் கண்ணாடி இறங்காது. "பாக்கறதுக்கு லட்சணமாத்தானுங்க இருக்குது. உள்ள உக்கார்றவன் படம் எடுக்கறவனில்லீங்களே" என்றார்.

அங்கிருந்து மகன் நடுவரிசைக்கு வந்தான், நான் கடைசிக்குப் போனேன். மீதி நாற்பது வளைவுகளில் ஓட்டுநர் சொன்னதன் உண்மையை என் வயிறும் ஒப்புக்கொண்டது. ஆகாய கங்கை அருவிக்குப் படியிறங்கும் திட்டத்தைக் கைவிட்டுவிட்டுத் தரிசனம் மட்டும் முடித்துத் திரும்பினோம்.

இறங்கும் வழியில் அவர் மற்ற அலங்காரங்களையும் ஒவ்வொன்றாகக் கணக்குத் தீர்த்தார். டேஷ்போர்டில் பளபளவென்றிருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் காட்சியறையில் கண்ணைப் பறிக்கும். செம்மண் புழுதியில் ஒரே நாளில் கைரேகை ஏடாகிவிடும், துணியால் துடைத்தால் கீறல் விழும். பெரிய அலாய் சக்கரத்தில் டயரின் பக்கச்சுவர் மெலிந்திருப்பதால், ஊர்க்காரர்கள் தம் இஷ்டத்துக்கு எழுப்பிய வேகத்தடையோ குழியோ பக்கச்சுவரில் புடைப்பை உண்டாக்கிவிடும். ஒரு அளவு சிறிய ரிம் போட்டால் வண்டி அழகு குறையும், டயர் பிழைக்கும். ஏசியைத் தொடுதிரையில் வைத்ததை அவர் மன்னிக்கத் தயாராக இல்லை, கொண்டை ஊசி வளைவில் திருகுக்குமிழைத்தான் கை தேடும் என்றார். பனோரமிக் சன்ரூஃப் பற்றி அதிகம் பேசவில்லை. கூரையில் கேரியர் கட்ட முடியாத வண்டியால் ஏழு பேர் குடும்பத்துக்கு என்ன பயன் என்பதோடு முடித்துக்கொண்டார். அதில் மட்டும் நான் அவரோடு உடன்படவில்லை. என் மகள் அந்தக் கண்ணாடிக்கூரை வழியே மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்ததால்தான் அவளுக்குக் குமட்டவில்லை என்பது என் கட்சி.

எல்லாவற்றையும் குறை சொன்ன அந்த மனிதர் டஸ்டரைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் தணிந்தார். 2012இல் ஒரகடம் ஆலையிலிருந்து வந்த அந்த வண்டியின் உள்ளே அழகென்று எதுவும் கிடையாது. ஆனால் பள்ளத்தில் இறக்கினால் முனகாது, டிக்கியில் இரண்டு நெல் மூட்டை தாராளமாகப் போகும் என்றார். செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள மஹிந்திரா ஆராய்ச்சி மையத்தில் எக்ஸ்யூவி700 உருவானதும், கிரெட்டா இருங்காட்டுக்கோட்டையில் தயாராவதும் அவருக்குத் தெரிந்திருந்தன. நம் வெயிலையும் நம் ரோட்டையும் பார்த்துக்கொண்டே வரைந்தவர்கள் பின்வரிசையில் ஒருமுறை ஏற்காடு போய்வந்திருக்கலாமே என்பதே அவர் ஆதங்கம்.

மூன்றாவது அனுபவம் சேவையைப் பற்றியது, அதிலும் கசப்பானது. கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்காக டிராவல்ஸ் ஒன்றில், ஏழு இருக்கை எஸ்யூவி என்று தெளிவாகச் சொல்லி இரண்டு நாளைக்குப் பதிவு செய்திருந்தோம். காலை ஐந்து மணிக்கு வாசலில் வந்து நின்றது ஐந்து இருக்கை வண்டி. தொலைபேசியில் கேட்டதற்கு, எஸ்யூவி என்றுதானே கேட்டீர்கள், இதுவும் எஸ்யூவிதான் என்று பதில் வந்தது. முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டதால், பேருந்தே சுகம் என்று சொல்லி அப்பா பேத்தியை அழைத்துக்கொண்டு நாமக்கல் பேருந்து நிலையம் போய்விட்டார். கட்டணத்திலும் சிக்கல். வெளியூர் வாடகையில் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று கணக்கு. நாங்கள் ஓடியது ஷெட்டிலிருந்து ஷெட் வரை 384 கிலோமீட்டர் என்றாலும் 500 கிலோமீட்டருக்குக் கொடுக்க வேண்டும். அது எல்லோருக்கும் தெரிந்த முறை, அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் சின்ன வண்டிக்கும் பெரிய வண்டியின் விலையான கிலோமீட்டருக்கு 20 ரூபாயே கேட்டார்கள். மூன்று முறை பேசியபின் 16 ரூபாய்க்கு இறங்கினார்கள். வாடகை 8,000, இரண்டு நாள் பேட்டா 1,000, சுங்கக் கட்டணம் தனி. பதிவு செய்யும்போது எஸ்யூவி என்ற சொல்லை நம்பாமல், மாடலின் பெயரையும் இருக்கை எண்ணிக்கையையும் எழுத்தில் வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு.

அந்த வண்டியை ஓட்டி வந்த இளைஞர் மீது எந்தத் தவறும் இல்லை. அவர் வெட்கத்தோடுதான் கதவைத் திறந்தார். கும்பகோணத்தின் சந்துகளில் அந்த அளவு வண்டியின் அருமையையும் கண்டேன். 4.3 மீட்டர் நீளமுள்ள வண்டி திரும்பிய இடங்களில் கிரிஸ்டா திரும்பியிருக்காது. அவருக்கிருந்த ஒரே மனக்குறை முகப்பு விளக்குகள். இப்போதைய பாணிப்படி மேலே மெல்லிய பட்டையாக ஒளிரும் பகல் விளக்கு, கீழே பம்பரின் மட்டத்தில் உண்மையான ஹெட்லைட். கண்ணை நெற்றிக்குக் கீழே வைக்காமல் கன்னத்தில் வைத்துவிட்டார்கள் என்று சிரித்தார். ஸ்கூட்டியின் பின்சக்கரம் லேசாக இடித்தாலே முன்பெல்லாம் பம்பரில் கீறல் விழும், இப்போது விளக்கே போய்விடுகிறது, அந்தச் செலவை ஓட்டுநர் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது சிரிப்பில்லை.

திரும்பிப் போகும் நாளில் மறுபடி அதே கிரிஸ்டாவையும் அதே ஓட்டுநரையுமே கேட்டு வரவழைத்தோம். அம்மாவும் வழியனுப்ப வந்தார். ஓட்டுநர் டிக்கியிலிருந்து அரையடி உயரப் பிளாஸ்டிக் முக்காலி ஒன்றை எடுத்துக் கதவடியில் போட்டு, "மெதுவா வாங்கம்மா" என்று கைபிடித்து ஏற்றினார். பெல்ட் பூட்டுகள் மூன்றும் உறைக்கு மேலே வந்திருந்தன. உறையைக் கத்தரித்துத் துளை போட்டுத் தைத்திருந்தார்.

கோவை விமான நிலையத்தில் பெட்டிகளை இறக்கிய பிறகு, மெல்பர்னில் வாங்குவதற்காகக் குறித்துவைத்திருந்த வண்டியின் படத்தைக் கைபேசியில் அவரிடம் காட்டினேன். வாங்கி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பின்பக்கம் வரை நகர்த்தினார்.

"கடைசிக் கண்ணாடி எறங்குங்களாண்ணா?"

இறங்காது என்றேன். கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பார்க்கிங் சீட்டைத் தேடப் போனார்.