கொப்பித் தாளுக்கு எந்த மைப்பேனை: பைலட்டா, லாமியா?

இலங்கையின் வடக்கே, விசுவமடுவில் இருந்துகொண்டு நல்ல மைப்பேனை வாங்குவதென்றால் கடையில் எடுத்து எழுதிப் பார்க்க வழியில்லை. படத்தைப் பார்த்து, வெளிநாட்டுக் கடைக்குக் காசைக் கட்டி, பொதி வரும்வரை காத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் யாராவது என்னிடம் கேட்டால் பேச்சு கடைசியில் இரண்டு பேனைகளில் வந்து நிற்கும். ஒன்று ஜேர்மனியின் லாமி சஃபாரி. மற்றது ஜப்பானின் பைலட் மெட்ரோபொலிட்டன். இரண்டையும் வைத்து எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் கொப்பிகளில் நாள் முழுக்க எழுதுகிறவருக்குப் பைலட்தான் சரி.

காரணம் தாள். பாடக்குறிப்பு எழுதும் சாதாரண சி.ஆர். கொப்பியின் தாள் மையை இழுத்துக் குடிக்கும். லாமியின் எஃப் (மெல்லிய) நிப்பால் அதில் ‘ண’ எழுதிப் பாருங்கள். கொஞ்சம் சின்னதாக எழுதினாலே மூன்று சுழியும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு நீலப் பொட்டு மாதிரி ஆகிவிடும். ‘இ’யும் அப்படித்தான். ஜப்பானிய நிப்புகள் ஒரு படி மெல்லியவை. அவர்களுடைய எழுத்திலும் ஒரு சின்னக் கட்டத்துக்குள் பல கோடுகள் நெருங்கி நிற்கும். பைலட்டின் எஃப் நிப், லாமியின் மிக மெல்லிய ஈஎஃப்பை விடவும் மெல்லிசாக எழுதும். சுழி திறந்தபடி நிற்கும். தாளின் மறுபக்கத்திலும் எழுதலாம். தடித்த வழவழப்பான தாளில் கடிதம் எழுதுகிறவருக்கு மட்டும் லாமியின் அகலமான, ஈரமான கோடு தனிச் சுகம் தரும்.

பிடிமானம் ஆளுக்கு ஆள் வேறு. 1980 இல் இளவயதினரை மனதில் வைத்து வந்த பேனை சஃபாரி. அதனால் பிடிக்கிற இடம் முக்கோணமாக இருக்கும். விரல்கள் அதற்குப் பழகிவிட்டால் சுகம், பழகாதவருக்குத் தொல்லை. மெட்ரோபொலிட்டன் பித்தளை உடம்பு, கொஞ்சம் பாரம்.

லாமி கட்டாயம் வெல்கிற இடம் ஒன்று உண்டு. போன வருடம் என் பைலட் மேசையிலிருந்து வகுப்பறைச் சீமெந்துத் தரையில் நிப் குத்த விழுந்தது. முனை கொக்கி மாதிரி வளைந்துவிட்டது. அதற்குத் தனி நிப் தேடி அலைந்து கடைசியில் கைவிட்டேன். சஃபாரி என்றால் நிப்பின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டி முன்னால் இழுத்தால் கழன்று வந்துவிடும். புது நிப்பைத் தனியாக விற்கிறார்கள், பேனையோடு சேர்த்தே ஒன்றை வாங்கி வைக்கலாம். பேனையைத் திருத்திக் கொடுக்க ஆளில்லாத ஊரில் இது சின்ன விஷயமில்லை.

சோழகம் வீசுகிற மாதங்களில் இரண்டுமே கொஞ்ச நேரம் மூடியில்லாமல் கிடந்தால் நிப் காய்ந்துவிடும். எப்போதாவது மட்டும் எழுதுகிறவர் இரண்டையும் விட்டுவிட்டுப் பிளாட்டினம் பிரெப்பியைப் பார்க்கலாம். அதன் மூடிக்குள் சுருள்வில்லோடு ஓர் உள்மூடி இருக்கிறது. ஒரு வருடம் சும்மா கிடந்தாலும் மை காயாது என்று நிறுவனம் சொல்கிறது. உடம்பு வெறும் பிளாஸ்டிக், விலையும் மற்ற இரண்டையும் விட நன்றாகக் குறைவு. முதன்முதலாக மைப்பேனை பிடிக்கிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

சரி, எந்த நாட்டுக் கடை? பைலட் வாங்குகிறவர் இதைக் கவனிக்க வேண்டும். இதே பேனை ஜப்பானில் கொக்கூன் என்றும் ஐரோப்பாவில் எம்ஆர் என்றும் விற்பனையாகிறது. ஐரோப்பியப் பேனை, மை அடைத்து விற்கிற பொது அளவு மைக்குழாயை ஏற்கும். அமெரிக்கக் கடையில் வாங்கினால் பைலட்டின் சொந்தக் குழாய் மட்டுமே பொருந்தும். லாமிக்கும் தன் சொந்தக் குழாய்தான். எதை எடுத்தாலும் போத்தல் மையை உறிஞ்சுகிற கன்வேர்ட்டர் பெட்டிக்குள் வருகிறதா என்று வாசித்துப் பாருங்கள். சஃபாரிக்குப் பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது வரி. பிரித்தானியாவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பொருளுக்கு பிரித்தானியாவின் 20 வீத வற் (பெறுமதி சேர் வரி) கிடையாது. காசு கட்டும் பக்கத்தில் அது கழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே வந்ததும் எங்கள் 18 வீத வற்றும் சுங்கத் தீர்வையும் வரலாம் என்று நினைத்தே கணக்குப் போடுங்கள். தபால் செலவு ஒரு பேனைக்கும் மூன்று பேனைக்கும் பெரிதாக வித்தியாசப்படாது. அதனால் நாங்கள் மூன்று பேராகச் சேர்ந்துதான் எடுப்போம். லண்டனில் இருக்கிற மச்சாள் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறா என்றால் கணக்கு வேறு. 20 வீதத்தைக் கட்டினாலும் தபால் செலவு மிச்சம், பொதி எங்கே நிற்கிறதோ என்ற பதற்றமும் இல்லை.

மைப் போத்தலை மட்டும் தபாலில் எடுக்காதீர்கள். ஒரு கடை கண்ணாடிப் போத்தலை ஒற்றைக் கடதாசியில் சுற்றி அனுப்பியது. பெட்டியைத் திறந்தபோது உள்ளே எல்லாம் நீலம், கூட வந்த இரண்டு கொப்பிகளும் நனைந்து ஒட்டிப் போயிருந்தன. மையை வருகிறவர்களிடம் சொல்லி, பொலித்தீன் பைக்குள் இறுக்கிக் கட்டி, உடுப்புக்கு நடுவே வைத்துக் கொண்டுவரச் செய்யுங்கள். பேனையைக் கழுவுவதற்கு வடிகட்டிய குடிதண்ணீரை எடுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளைப் படையாகப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிப்பின் கீழே மை ஓடுகிற அந்த மயிரிழைப் பள்ளத்திலும் அதே படைதான் பிடிக்கும்.