வெள்ளெழுத்துக்கு மூன்று கண்ணாடி: ஹட்டனில் வாங்கியவையும் அணிந்து பார்த்தவையும்

கொப்பி திருத்தும்போது எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை முதன்முதலில் கவனித்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. கொப்பியைத் தள்ளிப் பிடித்தால் தெளிந்தது. ஆனால் கையின் நீளத்துக்கும் ஓர் எல்லை உண்டு. கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதாக ஆக இறுகி, அருகிலிருக்கும் பொருளுக்கேற்ப வளைந்து கொடுக்கும் ஆற்றலை இழப்பதால் வருவதே வெள்ளெழுத்து என்பதும், நாற்பதைக் கடந்த எவரையும் அது விட்டுவைப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்திருந்தும் பேருந்து நிலையத்துக்கு அருகே நடைபாதையில் விரித்திருந்த கண்ணாடிகளில் ஒன்றை 600 ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

அதன் பவர் +2.50. எழுத்துகள் பெரிதாகத் தெரிந்ததால் அதையே நல்லதென்று நினைத்தேன். “கூடின பவர் எடுத்தா கன காலம் பாவிக்கலாம், டீச்சர்” என்று விற்றவரும் சொன்னார். இது முழுத் தவறு என்பது ஒரு மாதக் கழுத்துவலிக்குப் பிறகுதான் விளங்கியது. தூரப் பார்வையில் குறையில்லாத ஒருவர் 100ஐக் கண்ணாடியின் பவரால் வகுத்தால், எத்தனை சென்ரிமீற்றருக்கு அப்பால் எழுத்து மங்கத் தொடங்கும் என்பது கிடைத்துவிடும். +2.50 என்றால் 40 சென்ரிமீற்றர், +2.00 என்றால் 50, +1.50 என்றால் ஏறத்தாழ 67. என் மேசையில் கொப்பி இருப்பதோ 50 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில். எனவே ஒவ்வொரு பக்கத்துக்கும் நான் குனிய வேண்டியிருந்தது. கடையில் எழுத்துப் பெரிதாகத் தெரிவதைப் பார்த்து முடிவெடுக்காமல், வேலை செய்யும் தூரத்தில் தாளைப் பிடித்துப் பார்த்து, தெளிவாகத் தெரியும் பவர்களில் மிகக் குறைந்ததை எடுப்பதே முறை.

இரண்டாவது, வேறொரு நகரத்துக் கடையில் செய்வித்த இரட்டை வில்லைக் கண்ணாடி. மேற்பாதியால் கரும்பலகையையும் கீழ்ப்பாதியால் புத்தகத்தையும் பார்க்க முடிந்ததால் வகுப்பறையில் அதைக் குறைசொல்ல இடமில்லை. குறை படிக்கட்டில் இருந்தது. எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. பாதைக்கு இறங்க நாற்பதுக்கு மேற்பட்ட கல்படிகள், மழைக்காலத்தில் பாசி வேறு. கீழே பார்க்கும்போது கண் வாசிப்புப் பகுதியின் வழியாகப் பார்ப்பதால் படியின் விளிம்பு மங்கித் தெரியும். இரண்டு முறை வழுக்கிய பின், இறங்கும்போது அதைக் கழற்றிக் கைப்பைக்குள் போடத் தொடங்கினேன். சமதரையில் வாழ்பவருக்கு இது பெரிய விடயமாக இராது. மலையில் இருப்பவர்கள் வாங்குமுன் தங்கள் வாசற்படியை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கண்ணாடியைக் கடந்த ஆண்டு ஹட்டனில் ஒரு சிறிய கடையில் செய்வித்தேன். இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியது அதுதான். பரிசோதித்த தம்பி முதலில் வயதைக் கேட்கவில்லை. ஒரு கொப்பியைக் கையில் கொடுத்து, “டீச்சர், வீட்டுல எப்படி வச்சுத் திருத்துவீங்களோ அப்படியே வைங்க” என்று சொல்லி, மூக்குக்கும் தாளுக்கும் இடைப்பட்ட தூரத்தை நாடாவால் அளந்தார். 47 சென்ரிமீற்றர். பிறகு ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே பார்த்தார், இடக்கண்ணுக்கு +1.75, வலக்கண்ணுக்கு +2.00, அதோடு கண்ணின் சீரற்ற வளைவைச் சரிக்கட்டும் சிலிண்டர் பவரும் சிறிது தேவைப்பட்டது. இரு கண்களுக்கும் ஒரே பவரோடு, சராசரி முகத்தைக் கணக்கில் வைத்துச் செய்யப்படும் நடைபாதைக் கண்ணாடியில் இந்த வேறுபாட்டுக்கு வழியே இல்லை. கருமணிகளுக்கு இடையிலான தூரத்தையும் அளந்தார். வில்லையின் மையம் அதிலிருந்து விலகினால் சற்று நேர வாசிப்பிலேயே தலை வலிக்கும். கட்டணம் 9,500 ரூபாய். ஐந்து நாளில் தருவதாகச் சொல்லி ஒன்பது நாள் எடுத்ததும், மூக்குத் தாங்கி ஒரு மாதத்தில் தளர்ந்ததும் குறைகளே. தாங்கியைப் பணம் வாங்காமல் மாற்றித் தந்தார்கள்.

அங்கே காத்திருந்தவர்களில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவரும் இருந்தார். கண்ணாடி படித்தவர்களுக்குத்தான் என்ற எண்ணம் நம் தோட்டங்களில் இன்னும் போகவில்லை. அஸ்ஸாமில் 40 வயதைத் தாண்டிய 751 தேயிலைத் தொழிலாளரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், அருகில் பார்ப்பதற்கான கண்ணாடி பெற்றவர்களின் கொழுந்து அளவு, பெறாதவர்களுடையதைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. அந்த அக்காவுக்கு வேண்டியதும் புத்தகத் தூரம் அன்று, செடிக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட தூரம்.

கண்ணாடிக் கடையோடு நின்றுவிடக் கூடாத இடங்களும் உண்டு. அறுபத்தெட்டு வயதில் அம்மா திடீரென்று கண்ணாடியின்றி ஊசியில் நூல் கோத்தார். பார்வை திரும்பிவிட்டதென்று பக்கத்து வீட்டார் மகிழ்ந்தார்கள். அரசாங்க வைத்தியசாலையின் கண் கிளினிக்கில் அது கண்புரையின் தொடக்கம் என்றார்கள். நீரிழிவு உள்ளவர்கள் சீனி ஏறி இறங்கும் நாட்களில் பவர் பார்த்தால், அது நிலைகொண்ட பின் அந்தக் கண்ணாடி பொருந்தாமல் போகலாம்.

பனிமூட்டத்திலிருந்து சூடான சமையலறைக்குள் நுழைந்ததும் வில்லையில் ஆவி படிவதற்கு மூன்று கண்ணாடிகளில் எதுவும் விலக்கில்லை. சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்தே முதற்கண்ணாடியில் கீறல் விழுந்தது. இப்போது ஒரு துளி சவர்க்காரமிட்டுத் தண்ணீரில் கழுவி, கடையில் கொடுத்த துணியால் ஒற்றி எடுக்கிறேன். 600 ரூபாய்க் கண்ணாடியையும் எறியவில்லை. மருந்துப் பெட்டியின் பொடி எழுத்தைக் கிட்ட வைத்து வாசிக்க +2.50 பொருத்தமாகவே இருக்கிறது.